பத்தாண்டு கடந்த மடிக்கணினி: முதலில் எதை மாற்றுவது?

மியன்மாரின் பெகுவில் கோயில் மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஐயா ஒருவர் என்னிடம் கேட்டதை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். அவரிடம் இருப்பது போன்ற கணினி நம்மவர் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது. 2014இல் வாங்கிய மடிக்கணினி, இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜி.பி. ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தரவு தங்கும் நினைவகம்), 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் சுழலும் வட்டு), விண்டோஸ் 7 இயங்குதளம். பொத்தானை அழுத்தினால் வேலை தொடங்க ஆறேழு நிமிடம் ஆகிறது. பாடங்களைத் தட்டச்சு செய்வது, பர்மிய மொழியில் கடிதம் எழுதுவது, சிங்கப்பூரில் இருக்கும் மகளுடன் காணொளியில் பேசுவது ஆகிய மூன்றும்தான் அவருக்குத் தேவை. மூன்றாவது இப்போது நடப்பதே இல்லை, உலாவி பழையது என்று சொல்லித் தளம் திறக்க மறுக்கிறது. பேட்டரி செத்துவிட்டதால் கரண்டு போன நொடியில் கணினியும் அணைந்துவிடுகிறது. கடையில் 16 ஜி.பி. ரேம் போடச் சொல்கிறார்கள், மருமகன் புதிதாக வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது என்பது கேள்வி.

ஐயா, உங்கள் கணினியைத் தாராளமாக மேம்படுத்தலாம், உங்கள் மூன்று தேவைகளுக்கும் அது இன்னும் நாலைந்து ஆண்டு உழைக்கும். ஆனால் கடையில் சொன்ன வரிசையில் செய்ய வேண்டாம். யாங்கோனில் இந்த வேலையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். ‘மெதுவாக இருக்கிறது, ரேம் போடுங்கள்’ என்று கொண்டுவரப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ரேமில் இருக்கவில்லை, உள்ளே சுழன்றுகொண்டிருந்த வட்டில் இருந்தது. ஆகவே என் வரிசை இது: எந்த இயங்குதளத்துக்கு மாறுவது என்ற முடிவு முதலில், அதன் பிறகு எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத வட்டு, அதோடு பேட்டரி, கடைசியில் ரேம். முடிவு எடுப்பதற்குக் காசு செலவாகாது என்றாலும் அதை முதலில் வைக்கிறேன். பாதுகாப்பு வரவு, அதாவது ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தங்கள், நின்றுபோன இயங்குதளத்தையே வைத்துக்கொண்டு நல்ல வட்டும் நிறைய ரேமும் போட்டால், உங்கள் மகளுடன் பேசும் தளம் அப்போதும் திறக்காது.

வட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மடிக்கணினிகளில் வழக்கமாக வரும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி ஆகிறது. தேவையான இடம் படிக்கும் ஊசியின் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசி தன் இடத்திலிருந்து அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு சிறு துண்டைப் படிக்கப் பதினைந்து மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடுகிறது, நொடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் படிக்க முடிவதில்லை. பழைய மளிகைக் கடையில் ஒரே ஆள் ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து கடுகை எடுத்து இறங்கி, மறுபடி ஏறி மிளகை எடுத்து இறங்குவது போன்ற வேலை அது. பெரிய படக்கோப்பு ஒன்றை ஒரே நீட்டாகப் படிக்கச் சொன்னால் அதே வட்டு நொடிக்கு 100 எம்.பி. அளவுக்குத் தரும், ஏனென்றால் அப்போது ஏணி ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது படிப்பவை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் எந்த மூலையில் இருப்பதும் கைக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆறேழு நிமிடம் அரை நிமிடத்துக்குள் சுருங்குவது இதனால்தான்.

ரேம் குறைவினால் வரும் தொல்லையும் பாதிக்கு மேல் வட்டின் தொல்லையே. 4 ஜி.பி. நிரம்பியதும் கணினி அப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை வட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுக்கிறது. அந்தப் போக்குவரத்து சுழலும் வட்டில் நடக்கும்போது சுட்டியின் அம்புக்குறிகூட நகராமல் நின்றுவிடுகிறது. இதை நீங்களே பார்த்து உறுதிசெய்யலாம். விண்டோஸ் 7இல் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துவிட்டு, உலாவியையும் ஒரு பாடக் கோப்பையும் திறந்து பாருங்கள். வட்டுக்கான வரைபடம் உச்சியிலேயே நின்றுகொண்டு, ரேம் இன்னும் கொஞ்சம் காலியாக இருந்தால், கடைக்காரர் சொன்ன மருந்து உங்கள் நோய்க்கு உரியது இல்லை என்பது தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய வட்டு எந்தத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறதோ அதே தொட்டியில், அதே இணைப்பில் அது உட்காரும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.கள் 7 மி.மீ. தடிமன் உள்ளவை, உங்கள் தொட்டி 9.5 மி.மீ. வட்டுக்கானதாக இருந்தால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும், சில பெட்டிகளில் அது கூடவே வரும். கடையில் மெல்லிய பட்டை போன்ற எம்.2 வகையைக் காட்டி இதுதான் வேகம் என்பார்கள். அவற்றில் என்.வி.எம்.இ. என்ற வகையை உங்கள் தலைமுறைக் கணினிகள் பெரும்பாலும் தொடக்க வட்டாக ஏற்றுக்கொள்வதில்லை, வாங்கினால் வீண். சாட்டா இணைப்பின் உச்சம் நொடிக்கு 550 எம்.பி. அளவுதான் என்றாலும் உங்கள் வேலைக்கு அது நிறையவே போதும். 240 ஜி.பி. போதுமா என்று கேட்பீர்கள். இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்து 40 ஜி.பி.யைத் தாண்டாது, பாடக் கோப்புகள் சிறியவை, ஆகவே போதும். படங்களும் காணொளிகளும் நிறைய வைத்திருந்தால் மட்டும் 480 ஜி.பி. பார்க்கலாம். எப்படியும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைத்தால் எஸ்.எஸ்.டி. தன் உள்வேலைகளைச் சரியாகச் செய்துகொள்ளும்.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ‘2 டி.பி.’ என்று அச்சிட்ட எஸ்.எஸ்.டி. ஒன்றை, மற்றவற்றின் கால்வாசி விலைக்கு ஒரு கடையில் வாங்கினேன். கணினியில் செருகினால் 2 டி.பி. என்றே காட்டியது. வாடிக்கையாளர் ஒருவரின் படங்களை அதில் நகலெடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது முதல் சில ஆல்பங்கள் சரியாக இருந்தன, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாக இருந்தன. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். விரல் நகத்தளவுப் பலகை ஒன்றில் கைப்பேசிக்குப் போடும் மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்று செருகப்பட்டு, அதன்மேல் பசை ஊற்றப்பட்டிருந்தது. பெட்டியின் மிச்ச இடத்தில் எடைக்காக ஒரு இரும்புத் துண்டு. நல்லவேளையாக மூலப் படங்கள் பழைய வட்டில் அழியாமல் இருந்தன. அன்றிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி. வாங்கினாலும், எந்தப் பென் டிரைவ் வாங்கினாலும், முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளை முதலில் ஓடவிடுகிறேன். விண்டோஸில் அதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒன்றும், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் எஃப்3 என்று ஒன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். கரண்டு நிலையாக இருக்கும் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

பேட்டரியை எஸ்.எஸ்.டி.யோடு சேர்த்து வைத்ததற்குக் காரணம் நம் ஊர் கரண்டு. அது வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பார்த்துத்தானே நாம் சோறு வைக்கிறோம், தண்ணீர் ஏற்றுகிறோம். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் அறுந்தால் சுழலும் வட்டுக்கும் கேடு, எஸ்.எஸ்.டி.க்கும் கேடு. எந்தத் தரவு எந்தச் சில்லில் (சிப்) இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்.எஸ்.டி. தனக்குள் ஓயாமல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வரும் மலிவான எஸ்.எஸ்.டி.களில் மின்சாரம் போன பிறகும் அந்த எழுத்தை முடித்துவைக்கும் மின்தேக்கிகள் இருப்பதில்லை. அட்டவணை பாதியில் நின்றால் ஒரு கோப்பும் போகலாம், வட்டு முழுவதும் அடையாளம் தெரியாமலும் போகலாம். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இதற்காக யூ.பி.எஸ். வாங்க வேண்டியிருக்கிறது; மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும் பேட்டரி இருந்தாலும் போதும், சேமித்துவிட்டு முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கும். ஆகவே செத்த பேட்டரியோடு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டுத் தர நான் உடன்படுவதில்லை. இன்னொன்று, உங்கள் பழைய பேட்டரி வீங்கியிருந்தால், அதாவது கைவைக்கும் பலகை மேலெழும்பியோ அடிமூடி சரியாக மூடாமலோ இருந்தால், இன்றே கழற்றிவிடுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

இனி ரேம். உங்கள் செயலிக்கு உரியது டி.டி.ஆர்.3 எல் என்ற வகை. கடைசியில் வரும் எல் முக்கியம், அது 1.35 வோல்ட்டில் ஓடுவது. அதற்கு முந்திய டி.டி.ஆர்.3 1.5 வோல்ட்டுக்கானது, இரண்டும் 204 முள் கொண்டு பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பழைய பொருள் விற்கும் கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள். பல நான்காம் தலைமுறைக் கணினிகள் அதைப் போட்டால் தொடங்கவே செய்யாது. ஒட்டுத்தாளில் பி.சி.3எல்-12800 என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். டி.டி.ஆர்.4 260 முள் கொண்டது, வெட்டு வேறிடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. உட்காராததை அழுத்த வேண்டாம்.

எவ்வளவு வேண்டும் என்பதில் என் கருத்து தெளிவானது: உங்களுக்கு 8 ஜி.பி. போதும். தமிழ், பர்மிய ஆவணங்கள், பத்துப் பதினைந்து உலாவிப் பக்கங்கள், ஒரு காணொளி அழைப்பு எல்லாம் சேர்ந்தாலும் 8 ஜி.பி.யை நிரப்புவதில்லை, 16 ஜி.பி. போட்டால் பாதி எப்போதும் சும்மா இருக்கும். இருக்கும் 4 ஜி.பி. ஒரே துண்டாக இருந்து பக்கத்தில் ரேம் செருகும் பொருத்தி காலியாக இருந்தால், இன்னொரு 4 ஜி.பி. மட்டும் வாங்குங்கள். அது மலிவு என்பதோடு இன்னொரு ஆதாயமும் உண்டு: இரண்டு பொருத்திகளும் நிரம்பினால் செயலி இரு வழியாகவும் ஒரே நேரத்தில் படிக்கும், உங்கள் கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாததால் திரைக்கான வேலையும் இதே ரேமிலிருந்துதான் நடக்கிறது, ஆகவே காணொளி ஓடுவதில் வேறுபாடு தெரியும். சில மெல்லிய மடிக்கணினிகளில் ஒரே பொருத்திதான் இருக்கும், திங்க்பேட் எக்ஸ்240 அப்படிப்பட்டது. அதற்கு ஒரே 8 ஜி.பி. துண்டாக வாங்க வேண்டும். இன்னும் சிலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே அடிமூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பொருத்தும் வேலை கடினமானதன்று, ஆனால் நிதானம் வேண்டும். சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், மழைக்காலத்தில் இந்தப் பயம் குறைவு என்றாலும் மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்றில் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். ரேமின் இரு பக்கமும் இருக்கும் வெள்ளிக் கொக்கிகளை வெளிப்பக்கமாக விலக்கினால் துண்டு தானாகச் சாய்ந்து மேலே எழும். புதியதை அதே சாய்வில், ஏறத்தாழ முப்பது பாகைக் கோணத்தில், தங்க முனைகள் வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளி, பிறகு தட்டையாக அழுத்தினால் இரண்டு கொக்கிகளும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள். நம் ஊர் ஈரத்தில் பழைய துண்டின் முனைகள் மங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் பொருத்துங்கள். திரை வராமல் கறுப்பாக நின்ற எத்தனையோ கணினிகள் இந்த ஒரு அழிரப்பரால் உயிர்த்திருக்கின்றன. மூடுவதற்கு முன் விசிறியின் தூசியையும் எடுத்துவிடுங்கள். பொருத்தியபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, ஒரு பிழையும் காட்டவில்லை என்று பார்த்த பிறகே இயங்குதளத்தை நிறுவுங்கள். பிழையுள்ள ரேமில் நிறுவிய இயங்குதளம் வாரக்கணக்கில் காரணமே தெரியாமல் தொல்லை கொடுக்கும்.

இயங்குதளத்துக்கு வருவோம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு வரவு 2020 ஜனவரி 14இல் நின்றுவிட்டது. கூகுள் குரோம் உலாவி விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் 109ஆம் பதிப்போடு, 2023 தொடக்கத்தில் நின்றது. உங்கள் தளம் திறக்க மறுப்பது இதனால்தான், கணினியின் வலுக்குறைவால் இல்லை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான வரவு முடிந்தது. தனியாட்களுக்குக் கூடுதல் காலத் திட்டமாக 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். ஓராண்டுக்காக மட்டும் ஒரு இயங்குதளத்துக்கு மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு, உங்கள் செயலியில் அது ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்கு வரவு தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை, ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு மறுபடி யாராவது கைவைக்க வேண்டியிருக்கும். பெகுவில் தனியாக இருக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லையை நான் தர மாட்டேன். கடைகளில் பூட்டு உடைத்த விண்டோஸ் போட்டுத் தருவார்கள். அதில் கூடவே என்னென்ன நுழைகிறது என்பதை யாரும் அறிய முடியாது, வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அதை வைக்கவே கூடாது.

ஆகவே என் பரிந்துரை லினக்ஸ் வகையைச் சேர்ந்த மிண்ட் என்ற இயங்குதளம். அதன் 22ஆம் வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு வரவு உண்டு, விலையில்லை, உங்கள் கணினியில் 8 ஜி.பி.யோடு சின்னமன் பதிப்பு நன்றாக ஓடும், 4 ஜி.பி.யிலேயே வைத்திருப்பதானால் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுங்கள். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என்று விண்டோஸ் 7இன் சாயலிலேயே இருப்பதால் கை பழக ஒரு வாரம் போதும். லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் கூடவே வருகின்றன. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளையோ பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையோ நம்பி ஒருவர் பிழைப்பு நடத்துகிறார் என்றால் அவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் மூன்று தேவைகளில் அப்படி எதுவும் இல்லை.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே மிண்டை ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் எதையும் தொடாது. அந்த நிலையில் வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி நான்கையும் சோதியுங்கள். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் இருக்கும் பிராட்காம் வைஃபை சில்லுக்குத் தனி இயக்கி மென்பொருள் (டிரைவர்) வேண்டும். அதை இறக்க முதலில் இணையம் வேண்டும் என்பதால், கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுங்கள். மிண்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. இருக்கும். நம் இணையத்தில் பாதியில் அறுந்து ஒட்டிய கோப்பு முழுமையாக இருப்பதுபோல் தோற்றம் தரும், பாதி நிறுவியபின் நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில், டாரண்ட் வழியாக இறக்கி, மிண்டின் தளத்தில் கொடுத்திருக்கும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்.எச்.ஏ.256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பென் டிரைவில் எழுதுங்கள். திரையில் தேதி 2014 என்றோ 2015 என்றோ காட்டினால் தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியும் தீர்ந்திருக்கிறது; தேதி தவறாக இருந்தால் எந்த உலாவியும் ‘இணைப்பு பாதுகாப்பற்றது’ என்று எல்லாத் தளத்தையும் மறுக்கும். அந்தப் பேட்டரி கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

இவ்வளவிலும் நான் மிகவும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான், உங்கள் பழைய பாடக் கோப்புகளுக்கு. தமிழாசிரியர்களின் கணினிகளில் 2000த்தின் தொடக்கத்திலிருந்து சேர்ந்த கோப்புகள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்ட ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நிற்கும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் உறவினர் ஒருவரின் கணினியைச் சுத்தமாக அழித்துப் புதிதாக நிறுவினேன். கோப்புகளை எல்லாம் நகலெடுத்தேன், எழுத்துருக்களை எடுக்கத் தோன்றவில்லை. அவர் பத்தாண்டாகச் சேர்த்த தேவாரப் பாடங்கள் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்தன. ஒரு முதியவர் திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துத் தேடி எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதனால் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். மிண்டில் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் பழைய பாடங்கள் தமிழாகத் திறக்கும். பிறகு ஒவ்வொரு பாடமாக எழுத்துரு மாற்றி மென்பொருளில் கொடுத்து ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, கொண்டுவாருங்கள். ணகர னகரங்களும் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்புகளும் சில நேரம் இடம் மாறும், ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். பர்மிய மொழிக் கோப்புகளுக்கும் இதே கதைதான். 2019 அக்டோபர் 1 அன்று நாடு ஒருங்குறிக்கு மாறுவதற்கு முன் எழுதியவை பெரும்பாலும் ஸோஜி எழுத்துருவில் இருக்கும், அவற்றையும் மாற்ற வேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்ய, மிண்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு ஆகிய மூன்று விசைப்பலகைகளும் கிடைக்கும், பர்மிய ஒருங்குறி விசைப்பலகை இயங்குதளத்திலேயே இருக்கிறது. பாமினியில் பழகிய கைக்கு தமிழ்99 முதல் பத்து நாள் சிரமமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், அவர்கள் உங்களிடமிருந்துதான் பழகுவார்கள்.

பழைய வட்டை அப்படியே நகலெடுத்து எஸ்.எஸ்.டி.யில் ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸிலேயே தொடர்பவர்களுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, புதிய இயங்குதளத்திலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டையே வெளியே எடுத்துவிட்டதால் நிறுவும்போது தவறிப்போய் அழித்துவிடும் ஆபத்தும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை, குறைந்தது மூன்று மாதம், அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம். கழற்றுவதற்கு முன் அது ‘டக், டக்’ என்று சத்தம் போட்டாலோ கோப்பைத் திறக்கும்போது நீண்ட நேரம் தொங்கினாலோ, மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் பாடக் கோப்புகளை வேறு இடத்துக்கு எடுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அதையே காப்பு வட்டாக வைத்துக்கொள்ளலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் அலமாரிக்குள்ளும் பூஞ்சை பூக்கும் ஊர் நம்முடையது.

மருமகன் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. தாய்ப்பலகையில் தண்ணீர் இறங்கியிருந்தாலோ, திரைக் கீல் உடைந்து மூடித் திறக்கும்போது பிளாஸ்டிக் பிளந்தாலோ, உள்ளே டி.டி.ஆர்.2 ரேம் போடும் அளவுக்குப் பழைய கணினியாக இருந்தாலோ, காசைச் சேர்த்து எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றைப் பார்ப்பதே சரி. உங்களுடையது இவற்றில் எதிலும் வரவில்லை. அடிமூடியைத் திறந்ததும் ரேமின் ஒட்டுத்தாள், வட்டின் ஒட்டுத்தாள், பேட்டரியின் பின்புறம் மூன்றையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து எனக்கு அனுப்புங்கள் ஐயா. என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன், அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.